எல்லை தாண்டிய டிகிரி

உழவர்கரைக்காரர்களுக்குப் பழைய எல்லையைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரெஞ்சு கிராமமும் இங்கிலீஷ் கிராமமும் சதுரங்கக் கட்டம் போலக் கலந்து கிடந்தன. சரக்குக் கடத்தியவர்களின் கதை நம்மிடம் நிறைய உண்டு. கடன்காரர்கள் எல்லையைப் பயன்படுத்திய கதையை யாரும் அதிகம் எழுதுவதில்லை. கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால் எனக்கு அதில்தான் ருசி.

நம்மூர்க்காரர் ஒருவர், கடலூர் வியாபாரியை நம்பிப் பணம் போட்டு ஏமாந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே வழக்குப் போடுவது? 1819-இல் இங்கே அமலுக்கு வந்த பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 14-வது பிரிவு தாராளமானது. பிரெஞ்சுப் பிரஜைக்குக் கொடுக்க வேண்டியது இருந்தால், வெளிநாட்டில் குடியிருப்பவரையும் பிரெஞ்சு கோர்ட்டுக்கு இழுக்கலாம். ஆகவே புதுச்சேரியிலேயே டிகிரி வாங்கிவிடலாம்.

வாங்கி என்ன செய்வது? சொத்து கடலூரில். அங்கே நம் டிகிரி அயல்நாட்டுத் தீர்ப்பு. அதை வைத்துப் புதிதாக வழக்குப் போட வேண்டும். அங்கேதான் ஃபரீத்கோட் ராஜா வழக்கு குறுக்கே வந்து நிற்கும்.

குர்தியால் சிங் என்பவர் பஞ்சாபில் அந்த ராஜாவிடம் பொக்கிஷதாரராக இருந்து, 1874-இல் வேலையை விட்டு வேறு சமஸ்தானத்துக்குப் போய்விட்டார். பிறகு ராஜா பணம் கேட்டுத் தன் சொந்தக் கோர்ட்டிலேயே வழக்குப் போட்டு, எதிராளி வராமலே டிகிரி வாங்கினார். அதை லாகூரில் நிறைவேற்றப் பார்த்தார். 1894-இல் பிரிவி கவுன்சில், அங்கே குடியிருக்காத, அந்தக் கோர்ட்டுக்குக் கட்டுப்படாத ஆள்மேல் கொடுத்த டிகிரி வெளியில் செல்லாது என்று சொல்லிவிட்டது. ராஜாவுக்கே அந்தக் கதி என்றால் உழவர்கரை முதலீட்டாளர் எம்மாத்திரம்!

கடலூர்க்காரர் நேரில் வந்து கணக்கு வழக்கைப் பற்றி வாதாடினால் கோர்ட்டுக்குக் கட்டுப்பட்டவர் ஆகிவிடுவார். எனவே விவரம் தெரிந்தவர் ஒன்று வரவே மாட்டார். வந்தாலும், "என்னை விசாரிக்க இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை" என்பதோடு நிறுத்திக்கொள்வார். பிரெஞ்சு நடைமுறைச் சட்டப்படி அந்த ஆட்சேபணையை மற்ற வாதங்களுக்கு முன்பே எழுப்பியாக வேண்டும். வேறு அப்பீலுக்கே இடமில்லாத சின்ன வழக்கிலும், அதிகாரம் பற்றிய முடிவின்மேல் மட்டும் அப்பீல் உண்டு. 454-வது பிரிவு அப்படி. பணம் கொடுத்தவர் நிலைமையை யோசியுங்கள். அவர் ஏமாந்தாரா இல்லையா என்ற பேச்சே இன்னும் எடுக்கப்படவில்லை, அதற்குள் அப்பீல்.

1962-இல் நாம் சென்னை ஹைகோர்ட்டின் கீழ் வந்தோம். 1968-இல் இந்திய சிவில் நடைமுறைச் சட்டம் இங்கும் நீட்டிக்கப்பட்டது. வழக்குப் போட்ட இடம் தவறு என்றால் அதை ஆரம்பத்திலேயே சொல்ல வேண்டும் என்கிறது அதன் 21-வது பிரிவு. இடைக்கால உத்தரவுகளை எதிர்த்துச் சீராய்வு மனுப் போட்டு இழுத்தடிப்பது பெரிய வழக்கமாக இருந்தது. 2002 ஜூலை முதல் 115-வது பிரிவைச் சுருக்கினார்கள். இப்போது மனுப் போட்டதால் மட்டும் கீழ்க்கோர்ட் வழக்கு நிற்காது. ஹைகோர்ட் தடை கொடுத்தால்தான் நிற்கும். என்னைக் கேட்டால் நல்ல திருத்தம்.

டெபாசிட் கம்பெனிகள் விஷயத்தில் எதிராளிகள் கேள்வியை வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். முதலீட்டாளர்களைக் காக்க 2004-இல் புதுச்சேரி ஒரு சட்டம் போட்டது; ஏமாற்றிய நிறுவனத்தின் சொத்தை அரசே ஜப்தி செய்யலாம். அப்படிச் சட்டம் போட நம் சட்டசபைக்கு அதிகாரம் உண்டா என்று நியூ ஹொரைசன் சுகர் மில்ஸ் வழக்கில் கேட்டார்கள். உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2012-இல். அதாவது சட்டம் வந்து எட்டு வருஷம் கழித்து. டெபாசிட் போட்டவர்களில் எத்தனையோ பேர் ஓய்வுபெற்ற பணத்தைப் போட்டவர்கள், நம் வயசுக்காரர்கள்.