குடும்பப் பெட்டியும் திருச்சபை வரலாறும்

தமிழ்நாட்டுத் திருச்சபையின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் நாடுவது மிஷனெரி சங்கங்களின் ஆண்டறிக்கைகளையும், மிஷனெரிகள் தம் தாய்நாட்டிற்கு எழுதிய கடிதங்களையுமே ஆகும். ஹாலேயிலும் லண்டனிலும் பர்மிங்காமிலும் அவை செம்மையாகக் காக்கப்பட்டு வருகின்றன. அவற்றின் பயனை யாரும் குறைத்துக் கூறுவதற்கில்லை. ஆயினும், நன்கொடை அளித்தோருக்குக் கணக்கு ஒப்புவிக்கும் நோக்கமும் அவற்றை எழுதியோருக்கு இருந்தது என்பதை மறத்தலாகாது. ஓர் உபதேசியார் நாற்பது ஆண்டுகள் ஐந்தாறு கிராமங்களுக்குக் கால்நடையாகவே சென்று ஊழியம் செய்திருப்பார். அறிக்கையிலோ, சுதேச ஊழியர்கள் இத்தனை பேர் என்னும் தொகையில் ஒருவராக மட்டுமே அவர் நிற்பார். அவருடைய மனைவி அத்தொகையிலும் இடம்பெறார்.

இவ்விருவரையும் தேடிக் காண வேண்டிய இடம் வேறொன்று உண்டு. அது பழைய வீடுகளில் பரண்மேல் கிடக்கும் டிரங்குப் பெட்டி. போதகராகப் பணியாற்றும் நம்மில் பலர் இத்தகைய பெட்டிகளைத் திறக்கக் கண்டிருக்கிறோம். மஞ்சளித்த ஞானஸ்நானச் சீட்டு, ஒரு கண் உடைந்த மூக்குக் கண்ணாடி, திருமணத்தன்று வாசித்தளிக்கப்பட்ட வாழ்த்துப் பா, அட்டையில் ஒட்டிய நிழற்படங்கள், இவற்றுக்கெல்லாம் அடியில் துணியில் சுற்றிய பெரிய வேதாகமம். அவ்வேதாகமம் பெரும்பாலும் பவர் ஐயரின் தலைமையில் திருத்தப்பெற்று 1871-இல் முழுமையாக வெளிவந்த மொழிபெயர்ப்பாகவே இருக்கும். அதன் முதல் வெற்றுத் தாளில் பிறப்பும் இறப்பும் திருமணமும் மூன்று நான்கு தலைமுறையினரின் கையெழுத்தில், மை மாறி மாறி எழுதப்பட்டிருக்கும்.

இந்தத் தாளைப் பக்தியின் அடையாளமாக மட்டும் கருதுவோர் சட்ட நூல்களையும் சற்றுப் புரட்டிப் பார்த்தல் நலம். 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், இறந்துபோனவர்களின் உறவுமுறையை மெய்ப்பிக்கக் குடும்ப வமிசப் பட்டியலையும் கல்லறைக் கல்லையும் குடும்பப் படத்தையும், அவற்றில் காணும் குறிப்பு வழக்கு எழுவதற்கு முன்பே எழுதப்பட்டிருக்குமாயின், சான்றாக ஏற்றது. 2024 ஜூலையில் அச்சட்டத்திற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் இவ்விதியைக் கைவிடவில்லை. நீதிமன்றம் ஏற்கும் ஒரு சான்றைத் திருச்சபை வரலாற்றாசிரியர்கள் இத்தனை காலம் ஏறெடுத்தும் பாராதிருந்தது வியப்பே.

நிழற்படக் கலை 1839-இல் பாரிசில் உலகறிய அறிவிக்கப்பட்டது. 1856-இல் சென்னையில் நிழற்படச் சங்கம் ஒன்று நிறுவப்பட்டது. ஓவியக் கலைப் பள்ளியைத் தோற்றுவித்த டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் அதற்கு முன்னின்றார். அதே ஆண்டில் சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக லின்னியஸ் டிரைப் என்னும் படை அதிகாரி அமர்த்தப்பட்டார். அவர் 1858-இல் மதுரையிலும் தஞ்சையிலும் எடுத்த படங்கள் இன்றும் போற்றப்படுகின்றன. ஆனால் அவர் படம் எடுத்தது பெரும்பாலும் கோயில்களையும் அரண்மனைகளையும் கல்வெட்டுகளையுமே. செலவு மிகுதி என்று கூறி ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் அந்தப் பதவியையே நீக்கிவிட்டார். அந்த டிரெவெலியனை வேறொரு காரணத்திற்காகப் பின்னர்ச் சந்திக்கவிருக்கிறோம்.

சாதாரண மக்களின் முகங்கள் படத்தில் ஏறியது இதற்குப் பின்னர்தான். 1854-இல் பாரிசில் டிஸ்டெரி என்பவர் உரிமை பெற்ற சிறிய அட்டைப் படம் விலையைக் குறைத்தது. 1871-இல் கண்டறியப்பட்ட உலர் தகடு வேலையை எளிதாக்கியது. சென்னை போன்ற நகரங்களில் தொடங்கிய ஸ்டுடியோக்கள் நாளடைவில் மாவட்டத் தலைநகரங்களுக்கும் பரவின. போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்ற அச்சம் ஊர்களில் நெடுநாள் நிலவியது. இருந்தும் உபதேசியார், ஆசிரியர், போதகர் குடும்பங்கள் படம் எடுத்துக்கொண்டன. மிஷனெரி பங்களாவில் காமிராவைக் கண்டு பழகியது ஒரு காரணம். மாதச் சம்பளம் கையில் வந்தது அதைவிடப் பெரிய காரணம் எனலாம்.

ஸ்டுடியோப் படங்களைப் பார்ப்பதற்குச் சற்றுப் பயிற்சி வேண்டும். பின்னால் தொங்கும் திரையில் சீமைத் தோட்டமும் மாடிப்படியும் தீட்டப்பட்டிருக்கும். நாற்காலியும் பூச்சாடியும் ஸ்டுடியோவுக்குச் சொந்தம்; சில வேளைகளில் கோட்டும் அப்படியே. ஆகையால் இவை பொய்ப் படங்கள் என்று தள்ளிவிடுவோர் உண்டு. இக்கூற்று எனக்கு உடன்பாடன்று. இரவல் கோட்டு, அம்மனிதர் அன்று எவ்வாறு வாழ்ந்தார் என்பதைக் காட்டாவிடினும், எவ்வாறு மதிக்கப்பட விரும்பினார் என்பதைக் காட்டுகிறது. அவருக்குப் பக்கத்து முக்காலியில் வேதாகமம் வைக்கப்பட்டிருந்தால், அவ்விருப்பத்தில் அதற்கும் பங்குண்டு என அறிகிறோம்.

தென் திருவிதாங்கூரைச் சேர்ந்த பழைய படங்களில் பெண்களின் உடையைக் கூர்ந்து நோக்க வேண்டும். கழுத்து வரை மூடி, முழங்கையைக் கடந்து இறங்கும் குப்பாயம் அணிந்து பாட்டிமார் அமர்ந்திருப்பர். இக்காலப் பேரப்பிள்ளைகள் அதை மிஷனெரிப் பெண்கள் கற்பித்த நாகரிகம் என்று சொல்லிச் சிரிக்கின்றனர். அந்தக் குப்பாயத்திற்காகச் சந்தைகளில் பெண்களின் உடை கிழிக்கப்பட்டது. சபைப் பள்ளிகளும் ஜெபவீடுகளும் கொளுத்தப்பட்டன. 1822 முதல் மூண்டு மூண்டு எழுந்த அத்தோள்சீலைக் கலகம், 1859 ஜூலையில் திருவிதாங்கூர் மன்னர் நாடார் பெண்கள் மேலுடை அணியலாம் என்று விளம்பரம் செய்த பின்னரே தணிந்தது. அவ்விளம்பரத்தை வெளியிடும்படி மன்னரை நெருக்கியவர் மேலே சொன்ன டிரெவெலியனே. அதன் பின்னரும், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற தடை அதே விளம்பரத்தில் இருந்தது. இத்தனையும் அறிந்தபின் அப்படத்தைப் பார்ப்பவர் சிரிக்கமாட்டார்.

படம் தானாக இவற்றைச் சொல்வதில்லை. யோசுவாவின் புத்தகம் நான்காம் அதிகாரத்தில் யோர்தானிலிருந்து எடுத்து நிறுத்தப்பட்ட பன்னிரண்டு கற்களை நினைவுகூர்க. கற்கள் பேசுவதாக அங்கு எழுதப்படவில்லை. பிள்ளைகள் கேட்பார்கள், தகப்பன்மார் சொல்ல வேண்டும் என்பதே அங்குள்ள ஒழுங்கு. சொல்லும் தலைமுறை மறைந்துவிட்டால் கல் வெறும் கல்லாகிவிடும்.

மிஷனெரி சங்கங்களிடமுள்ள படங்களுக்கு நேர்ந்தது இதுவே. பாசல் சங்கத்தார், லைப்சிக் சங்கத்தார் ஆகியோரின் பழைய படங்கள் பல இன்று கணினி வழியே எவரும் பார்க்கும்படி வைக்கப்பட்டுள்ளன. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் பல சங்கங்களின் படங்களை ஒரே தொகுப்பாக்கியிருக்கிறது. பாராட்டத்தக்க பணி. ஆனால் விளக்கக் குறிப்புகளைப் படிக்கும்போது மனம் துணுக்குறுகிறது. மிஷனெரிக்கும் அவர் மனைவிக்கும் பெயர் உண்டு. அருகில் நிற்பவர்களுக்கோ பல இடங்களில் ‘உபதேசியாரும் குடும்பமும்’, ‘வேதாகம ஸ்திரீ’ என்ற அளவே பெயர். அதே படத்தின் மற்றொரு படி நம் ஊர்ப் பெட்டி ஒன்றில் இருக்கக்கூடும். அதன் பின்புறத்தில் பெயர்கள் எழுதப்பட்டும் இருக்கலாம். ஐரோப்பாவில் படம் உண்டு, பெயர் இல்லை. இங்கே பெயர் உண்டு, படம் பூச்சியரித்துக் கொண்டிருக்கிறது. இரண்டையும் இணைக்கும் வேலை நம் இறையியல் மாணவர்கள் செய்யத்தக்கது.

குடும்பத்தார் காத்த பொருள்கள் வரலாற்றையே எவ்வாறு மாற்றும் என்பதற்குத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் சிறந்த எடுத்துக்காட்டு. 1774 முதல் 1864 வரை வாழ்ந்த அவரைப் பாடகராக நாம் நன்கு அறிவோம். ஆனால் 1820-களில் இளம் மிஷனெரிகளுக்கும் தஞ்சை, வேப்பேரிச் சபையாருக்கும் இடையே சாதி வழக்கம், திருவிருந்தில் அமரும் முறை, கீர்த்தனை, வேதாகம மொழிபெயர்ப்பு ஆகியவற்றைக் குறித்து எழுந்த பெரும் பூசலில் அவர் பக்கம் பக்கமாக உரைநடை எழுதியதைப் பலர் அறியார். சந்ததியார் பேணிய அவருடைய கையெழுத்துப் படிகள் பின்னர் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்தன. டென்னிஸ் ஹட்சன் 2000-இல் வெளியிட்ட தமிழ்ச் சுவிசேஷக் கிறிஸ்தவர்களைப் பற்றிய நூல் பெருமளவு இத்தகைய எழுத்துகளை ஆதாரமாகக் கொண்டது. அதுவரை மிஷனெரியின் குரலை மட்டுமே கேட்டிருந்த நாம் எதிர்த்தரப்பின் குரலையும் கேட்கிறோம். சாதி குறித்து சாஸ்திரியார் கொண்ட நிலையை நான் ஏற்கவில்லை. திருவிருந்து மேசையில் அதற்கு இடமில்லை என்றே கருதுகிறேன். ஏற்காத கருத்தையும் அதற்குரியவரின் சொல்லிலேயே அறிவது வரலாற்றுக்குத் தேவை.

எனினும் அப்பூசலில் மூன்றாவது தரப்பு ஒன்று இருந்தது. ஆலயத்தில் தனியே அமர்த்தப்பட்டவர்கள், பாத்திரம் தங்களுக்குக் கடைசியில் வரக் கண்டவர்கள். அவர்களுடைய பெட்டி எங்கே? மண்சுவரும் ஓலைக்கூரையும் கொண்ட வீட்டில் தாள் எத்தனை மழைக்காலம் தாங்கும்? கூலி நெல்லாக வந்த வீட்டில் ஸ்டுடியோவுக்குக் கொடுக்கப் பணம் ஏது? குடும்பப் படங்களைக் கொண்டு வரலாறு எழுதலாம் எனக் கிளம்பும் எவரும் இவ்வினாவைத் தாண்டிச் செல்லக் கூடாது. படம் உள்ளவர் வரலாற்றை மட்டும் எழுதினால், அறிக்கைகளில் நாம் கண்ட குறையையே சற்று மாற்றித் திரும்பச் செய்தவர்களாவோம்.

அவ்வீடுகளில் நினைவுப் பொருள்கள் இல்லாமற் போகவில்லை. வேறு வடிவில் உள்ளன. உலை வைக்கும்போதெல்லாம் ஆண்டவருக்கென்று ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து வைத்த கலயம் அவற்றுள் ஒன்று. நாகர்கோவில் பகுதியில் லேஸ் பின்னும் மரக் கட்டைகள் மற்றொன்று. மார்த்தா மால்ட் அம்மையார் அங்குத் தொடங்கிய லேஸ் தொழிலை, அவர் மகளும் கால்டுவெல் அத்தியட்சரின் துணைவியுமான எலைசா இடையன்குடிக்குக் கொண்டுசென்றார். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-இல் ஒழிக்கப்படுவதற்கு முன்னரே, லேஸ் பின்னிச் சேர்த்த கூலியால் தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கிய பெண்கள் உண்டு. மேலும், சபையின் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது. பழைய பெயர், புதிய பெயர், தகப்பன் பெயர், தொழில் என்று ஒரே வரியில் அமையும் அப்பதிவே பலருக்கு முதன்முதல் எழுத்தில் ஏறிய பெயராகும். அந்த ஏடுகள் பல சேகரங்களில் இன்று எந்நிலையில் இருக்கின்றன என்பதை விரித்து எழுத என் பேனா கூசுகிறது.

படித்த குடும்பங்களிலும் பெண்களின் நினைவைக் காத்தவர்கள் பெண்களே. ஜான் தேவசகாயம் ஐயரின் மகள் அன்னாள், சென்னையில் ஊழியம் செய்த டபிள்யூ. டி. சத்தியநாதன் ஐயரின் துணைவியார்; பெண் கல்விக்கு உழைத்தவர். மருமகள்களான கிருபாபாயும் கமலாவும் எழுத்தாளர்கள். கமலாவின் வாழ்க்கையை 1956-இல் நூலாக்கியவர் அவர் மகள் பத்மினி சென்குப்தா. இக்குடும்பத்தாரின் எழுத்துகளைத் தொகுத்து 2005-இல் சாகித்திய அகாதெமி வெளியிட்டபோது, யூனிஸ் டி சூசா அத்தொகுப்பிற்குக் குடும்ப ஆல்பம் என்றே பெயரிட்டார்.

பெட்டியில் ஒரு வகைப் படம் உண்டு. அதைக் கண்டதும் இளையோர் முகம் சுளிப்பர். சவப்பெட்டியைச் சுற்றி உறவினர் அனைவரும் நின்று எடுத்த படம் அது. வீட்டில் வைத்தால் ஆகாது என்று கிழித்தெறிந்தோரும் உண்டு. போதகரும் உபதேசியாரும் சபையாரும் சம்பந்திகளும் ஒருங்கே நிற்கும் படம் பல குடும்பங்களில் அது ஒன்றுதான். கொழும்பிலிருந்தோ பினாங்கிலிருந்தோ வந்து சேர முடியாத மகனுக்கு அனுப்புவதற்காகவே எடுத்தவையும் அவற்றுள் பல. எனவே, கிழிக்கும்முன் யோசிக்க வேண்டும்.

அழிந்தவை எத்தனையோ. 1942-இல் பர்மாவிலிருந்து காடும் மலையும் கடந்து நடந்து வந்தோர் பெட்டிகளை வழியிலேயே போட்டு வந்தனர். 1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணம் ஒரே இரவில் வெளியேறியபோதும், 2004 டிசம்பரில் கடல் பொங்கியபோதும் குடும்பப் படங்கள் போயின. போரும் வெள்ளமும் இல்லாத இடங்களில் இராமபாணப் பூச்சியும் ஈரமும் அவ்வேலையைச் செய்கின்றன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத் திட்டமொன்றின் உதவியால் தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி மின்னணுப் படிகளாக்கியுள்ளனர். ஆனால் வீடுவீடாகச் சென்று கேட்கும் வாய்ப்பு போதகருக்கே மிகுதி.

அவ்வாறு செல்வோர்க்குச் சில சொற்கள். பழைய படங்களைப் பிளாஸ்டிக் பூசி மூடிவிடக் கூடாது; கண்ணாடியில் ஒட்டிப்போனதைப் பிடுங்கவும் கூடாது. கைப்பேசியால் முன்புறத்தையும் பின்புறத்தையும் படமெடுத்துக்கொண்டு, அசலை உரியவரிடமே திருப்பித் தர வேண்டும். பெயர்களை மென்மையான பென்சிலால் பின்புறத்து ஓரத்தில் எழுதுக. பேனா மை நாளடைவில் முகத்தில் ஊறிவிடும். வீட்டில் எண்பது வயதைக் கடந்த பெரியவர் இருப்பாராயின் அவரருகில் அமர்ந்து ஒவ்வொருவராகக் கேளுங்கள். நடுவில் நாற்காலியில் இருப்பவரைப் பற்றி அவரே தொடங்குவார்; தடுக்க வேண்டாம். அவர் முடித்ததும், ஓரத்தில் குழந்தையை இடுப்பில் ஏந்தி, பாதி உடல் படத்திற்கு வெளியே போகும்படி நிற்கும் அந்த வேலைக்காரப் பெண்ணின் பெயரைக் கேளுங்கள். அதைச் சொல்லக்கூடியவர் பெரும்பாலும் அந்த வீட்டில் அவர் ஒருவரே.