ஒரு துளிக்கு என்ன விலை? கிளாஸ்கோவிலிருந்து கல்பாக்கம் வரை

இந்த எபிசோடில் நம்ம ஈசிஆர் பக்கம் போகப்போறோம். மாமல்லபுரம் தாண்டி தெற்கே கொஞ்ச தூரம் போனா, செங்கல்பட்டு மாவட்டக் கடலோரத்தில் கல்பாக்கம். அங்கே போறதுக்கு முன்னாடி, வழியில் ஒரு பெட்டிக்கடையில் சோடா வாங்கலாம்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ரெண்டே நிமிஷத்தில் பாட்டில் வேர்க்க ஆரம்பிக்கும். அந்தத் தண்ணி காற்றில் இருந்த நீராவி. இதை எல்லாரும் ஸ்கூல்லயே படிச்சிருப்போம். அதிகம் பேசப்படாதது இதோட இன்னொரு பாதி. நீராவி சும்மா நீராகாது. தன்கிட்ட இருக்கிற வெப்பத்தை அந்தக் குளிர்ந்த பரப்பு மேல கொட்டிட்டுத்தான் துளியாகும். 1 கிராம் ஆவி இப்படிக் கொட்டுற வெப்பம், 5 கிராம் தண்ணியை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரி வரைக்கும் சூடாக்கப் போதும். வேர்க்கிற பாட்டில் சீக்கிரமே ஜில்லுப்பு இழக்கிறதுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதுக்குப் பேர் மறைவெப்பம். 1760-களின் தொடக்கத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இதை அளந்தவர் ஜோசப் பிளாக். அதே வளாகத்தில் கருவிகளை ரிப்பேர் பண்ணிட்டு இருந்தவர் ஜேம்ஸ் வாட். கெட்டில் மூடி துள்ளுறதைப் பார்த்து அவர் நீராவி இன்ஜினைக் கண்டுபிடிச்சார்னு ஒரு கதை இருக்கே, அதை விட்டுடலாம். அவருக்கு முன்னாடியே, 1712-லிருந்தே நியூகோமன் இன்ஜின்கள் சுரங்கங்களில் தண்ணி இறைச்சிட்டு இருந்தன.

நியூகோமன் இன்ஜினில் ஆவி பிஸ்டனைத் தள்ளாது. சிலிண்டரில் ஆவியை நிரப்பி, உள்ளே குளிர்ந்த நீரைப் பீய்ச்சுவாங்க. ஆவி நீராகிச் சுருங்கும், உள்ளே கிட்டத்தட்ட வெற்றிடம் உண்டாகும், வெளிக்காற்றோட அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும். அதாவது, வேலையைச் செய்ய வைச்சதே ஆவி நீரானதுதான். பிரச்சினை என்னன்னா, ஒவ்வொரு தடவையும் மொத்த சிலிண்டரையும் குளிரவெச்சு, திரும்பச் சூடாக்கணும். நிலக்கரி எல்லாம் அதிலேயே போயிடும்.

1765-ல் வாட்டுக்கு ஒரு யோசனை வந்தது. சிலிண்டர் எப்பவும் சூடா இருக்கட்டும், ஆவி நீராக வேண்டிய இடம் எப்பவும் குளிர்ந்த தனிப் பாத்திரமா இருக்கட்டும். நம்ம டெவலப்பர் பாஷையில், ஒரே சர்வரில் ஓடின ரெண்டு வேலையை ரெண்டாப் பிரிச்சுட்டார். 1769-ல் காப்புரிமை. பிறகு அவரும் போல்டனும் வாடிக்கையாளர்கள்கிட்ட, மிச்சமான எரிபொருளோட மதிப்பில் மூணில் ஒரு பங்கைக் கட்டணமா வாங்கினாங்க.

அந்தத் தனிப் பாத்திரத்தோட வாரிசுதான் கல்பாக்கத்தில் இருக்கு. சென்னை அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1984-லயும் ரெண்டாவது 1986-லயும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. டர்பைனைச் சுத்தவெச்ச ஆவி, வங்கக் கடல் தண்ணி ஓடுற குழாய்கள் மேல பட்டு நீராகும். அதுக்கான கடல்நீர், கடலுக்கடியில் போற ஒரு சுரங்கக் குழாய் வழியா வருது. அணு உலை உண்டாக்கும் வெப்பத்தில் மூணில் ரெண்டு பங்குக்கு மேல மின்சாரமா மாறாமல் கடலுக்கே போயிடும். அதனால குளிர்ந்த பரப்பு இல்லைன்னா மின்சாரமும் இல்லை.

2004 டிசம்பர் 26 காலையில் அதுதான் நடந்தது. சுனாமியில் பம்ப் அறையில் நீர்மட்டம் ஏறி, குளிர்விக்கும் கடல்நீர் பம்புகள் நின்னுபோச்சு. ஓடிட்டிருந்த ரெண்டாவது அலகைப் பாதுகாப்பா நிறுத்தினாங்க. உலைக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா பக்கத்து டவுன்ஷிப்பிலும் மீனவக் குப்பங்களிலும் பல உயிர்கள் போச்சு.

அதே கல்பாக்கத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையம் இன்னொரு விஷயமும் கட்டியிருக்கு: கடல்நீரைக் குடிநீராக்கும் செயல்விளக்க ஆலை. அதோட ஒரு பகுதி ஆர்ஓ. இன்னொரு பகுதி, தினமும் 45 லட்சம் லிட்டர் திறனுள்ள ஆவியாக்கும் முறை. சூடான கடல்நீரை, அழுத்தம் குறைஞ்சுக்கிட்டே போற அறைகளுக்குள்ள வரிசையா விடுவாங்க. ஒவ்வொரு அறையிலும் கொஞ்சம் நீர் சட்டுன்னு ஆவியாகி, மேலே இருக்கிற குளிர்ந்த குழாய்களில் துளிர்க்கும்.

அந்தக் குழாய்களுக்குள்ள ஓடுறது என்னன்னு பாருங்க. அடுத்து சூடாக வேண்டிய கடல்நீரேதான்! துளி கொட்டுற வெப்பம் வீணாகாமல், உள்ளே வர்ற தண்ணியைச் சூடாக்குது. அதனால 1 கிலோ ஆவியைச் செலவழிச்சு சுமார் 9 கிலோ நல்ல தண்ணி எடுக்க முடியுது. இந்த முறையை உருவாக்கினதுக்காக 1968-ல் யுனெஸ்கோ அறிவியல் பரிசு வாங்கியவர் ராபர்ட் சில்வர். அவர் வேலை பார்த்த வெய்ர் கம்பெனி இருந்த ஊரும் அதே கிளாஸ்கோ.

இது ஏன் நமக்கு முக்கியம்? 2019 கோடையில் ஓஎம்ஆர் கம்பெனிகள் சில, தண்ணி இல்லை, வீட்டிலிருந்தே வேலை பாருங்கன்னு சொன்னது ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி நேரத்தில் 'காற்றிலிருந்து குடிநீர்' மெஷின்கள் ரொம்ப அழகாத் தெரியும். நம்ம கடலோரக் காற்றில் ஈரத்துக்கும் பஞ்சமில்லையே.

கணக்குப் போடுவோம். காற்றிலிருந்து 1,000 லிட்டர் எடுக்கணும்னா, அந்தத் துளிகள் கொட்டுற வெப்பம் சுமார் 675 யூனிட். ஒரு சாதாரண ஏசி அளவுக்குத் திறமையான மெஷின் அதை வெளியேத்தவே 200 யூனிட்டுக்கு மேல கரண்ட் வேணும். காற்றைக் குளிரவைக்கிற செலவு தனி. மாமல்லபுரத்துக்கு வடக்கே நெம்மேலியில், 2013-லிருந்து ஓடுற கடல்நீர் ஆலை ஆர்ஓ வகை. அங்கே ஆவியும் இல்லை, துளியும் இல்லை. இன்றைய நல்ல கடல்நீர் ஆர்ஓ ஆலைகளில் அதே 1,000 லிட்டருக்கு ஏறக்குறைய 3 முதல் 4 யூனிட் போதும்.

அதுக்காக அந்த மெஷினே வேஸ்ட்டுன்னு நான் சொல்லலை. குழாயும் லாரியும் போகாத இடத்தில் நாளைக்கு 20 லிட்டர் வேணும்னா அது உதவலாம். ஒரு நகரத்துக்கே தண்ணி தர்றோம்னு யாராவது வந்தா, அவங்ககிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க. துளி கொட்டுற வெப்பம் எங்கே போகுது? அதைக் கொண்டுபோற கரண்ட்டுக்கு யார் பில் கட்டுறாங்க?