ஒன்பது பேரில் ஆறு பேர்

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908-ஆம் ஆண்டு பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனை அறியாதவர் நாஞ்சில் நாட்டில் இல்லை. ஆனால், அவரைச் சிறைக்கு அனுப்பியது ஒன்பது ஜூரர்களின் வாக்கெடுப்பு என்பதை அறிந்தவர் சிலரே.

1944 நவம்பர் 8-ஆம் நாள், நடிகர்களைப் பற்றி வம்புச் செய்திகள் வெளியிட்டுவந்த பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். எம். கே. தியாகராஜ பாகவதரும் கலைவாணரும் கைதாயினர். சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜூரர்கள் முன்னிலையில் விசாரணை நடந்தது. அறுவர் 'குற்றவாளிகள்' என்றனர், மூவர் மறுத்தனர். 1945 மே மாதம் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

அக்காலச் சட்டப்படி ஒன்பதின்மரில் ஆறு பேராவது ஒத்த கருத்துடையவராக இருந்து, நீதிபதியும் அதனை ஏற்க வேண்டும். இங்குக் கிடைத்தவை சரியாக ஆறு வாக்குகள். ஒருவர் மனம் மாறியிருந்தால் அத்தீர்ப்பே இல்லை!

ஒரு ஜூரரின் மனம் எவ்வாறு முடிவெடுக்கிறது? அமெரிக்காவில் கால்வென், சைசல் என்னும் இருவர் 1966-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பத்து வழக்குகளில் ஏறத்தாழ ஒன்பதில், முதல் வாக்கெடுப்பில் பெரும்பான்மை பெற்ற கருத்தே இறுதித் தீர்ப்பாயிற்று. அதாவது, கலந்தாலோசிக்க அமரும் முன்னரே முடிவு பெரும்பாலும் உருவாகிவிடுகிறது. 1980-களில் பென்னிங்டன், ஹேஸ்டி ஆகியோர் மற்றொன்றைக் காட்டினர். ஜூரர்கள் சாட்சியங்களைத் தனித்தனியே எடைபோடுவதில்லை. அவற்றைக் கோத்து ஒரு கதையாக்கிக்கொள்கின்றனர். கதை பொருந்தினால் உண்மை என்று நம்புகின்றனர்.

லட்சுமிகாந்தன் வழக்கில் கதை வீதியிலேயே தயாராக இருந்தது. இகழ்ந்து எழுதியவர் ஒருவர். இகழப்பட்டோர் புகழ்பெற்ற நடிகர்கள். ஆனால், கொலைக்குக் காரணம் இருந்தது என்பது வேறு. கொலையில் பங்கு இருந்தது என்பது வேறு.

அம்மூவர் எவ்வாறு தனித்து நின்றனர்? சாலமன் ஆஷ் 1950-களில் செய்த சோதனை இதற்கு ஒளி தருகிறது. கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் எளிய வேலையில், சுற்றியிருந்தோர் அனைவரும் வேண்டுமென்றே தவறாகக் கூறியபோது, சோதனைக்கு உட்பட்டவர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தடவைகளில் தாமும் தவறினார். உண்மையைக் கூற ஒரே ஒரு துணை கிடைத்ததும் அத்தவறு வெகுவாகக் குறைந்தது.

லண்டன் பிரிவி கவுன்சில் வழக்கைத் திருப்பி அனுப்பியது. உயர் நீதிமன்றம் சாட்சியங்களை மீண்டும் ஆராய்ந்து, 1947 ஏப்ரலில் இருவரையும் விடுவித்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. 1974-இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரி முறைக்கு இடமில்லை.

ஆய்வுக்கூடத்தில், 'பக்கத்து நோட்டைப் பாராமல் உன் அளவீட்டை எழுது' என்று மாணவரிடம் சொல்கிறோம். ஒருவரது வாழ்வை அளக்கும்போது இவ்விதி இன்னும் எத்தனை இன்றியமையாதது! ஜூரி முறை மறைந்தது. அந்த மனம் மறையவில்லை. அது நீதிபதிக்கும் உண்டு, நமக்கும் உண்டு.