கோவிவன் கல்

ஒடுகத்தூருக்குத் தெற்கே ஜவ்வாது மலை. மலையைத் தாண்டினால் செங்கம் வட்டாரம். அங்கே கண்ட நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் நூலாக்கியது. நம் கலை விமர்சனம் அவற்றைக் கல்வெட்டாய்வாளர்களிடமே விட்டுவிட்டது.

எடுத்தனூர்க் கல் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டினது. எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்ட கருந்தேவக்கத்திக்கு நட்டது. அவனருகே ஒரு நாய். கோவிவன் என்கிற அது இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதைத் தனியே பொறித்திருக்கிறார்கள். அதே மன்னன் மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுதை இன்றிக் கோயில் குடைந்ததாகப் பொறித்துக்கொண்டான். அங்கே பேச்சு கலையைப் பற்றி. இங்கே இழப்பைப் பற்றி. எனக்கு இரண்டாவதே பெரிது.

இன்று நாற்சந்திகளில் நிறுத்துகிற சிமெண்ட் காளைக்கு ஊரில்லை, பேரில்லை. உழவு பற்றிய பொது அபிப்பிராயம் அது, அவ்வளவுதான். தோல் பதனிடும் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ கெட்டதை, பாலாறு மாசுபட்ட வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. அதற்குக் கல் நடுகிறவன் கோவிவனிடமிருந்து தொடங்கட்டும்: எந்த வயல், எந்தக் கிணறு, யாருடைய எருமை.