மக்ஸ்வெல் மானியம்: ஒரு மண், மூன்று உரிமைகள்

ஒரு நிலத்தைக் காப்பவர் யார் என்ற வினாவை, அந்நிலம் யாருடையது என்ற வினாவிலிருந்து பிரித்து நோக்குதல் இயலாது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பகுதியில், தலைமுறை தலைமுறையாக மாடு மேய்ந்த பெரும் பண்ணைகள் பல, 1980களிலிருந்து கோடீசுவரர் கைகளுக்கு மாறியுள்ளன. வாங்கியோரிற் சிலர் மாடுகளை அகற்றிக் காட்டெருதுகளை மேயவிட்டனர். அருகிப்போன உயிரினங்களை மீளக் கொணர்ந்தனர். இதனைக் கண்டு, பெருஞ் செல்வரே இயற்கையின் தலைசிறந்த காவலர் என வாதிப்போரும் உளர். இவ்வாதம் எத்துணை உண்மை? விடை காணும் பொருட்டு, நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் வட எல்லையிலுள்ள ஒரு நிலப்பரப்பின் வரலாற்றை நாம் எடுத்து நோக்குவோம்.

மக்ஸ்வெல் மானியம் எனப் பெயர் பெற்ற அந்நிலம், ஹிக்கறில்லா அப்பாச்சி, யூட் என்னும் ஆதிக்குடிகள் வேட்டையாடி வாழ்ந்த மலைநாடாகும். 1841ஆம் ஆண்டில் மெக்சிக்க ஆளுநர் ஆர்மிஹோ அதனைப் போபியன், மிராண்டா என்னும் இருவருக்கு மானியமாக எழுதிக் கொடுத்தார். அங்கு வாழ்ந்தோரின் சம்மதத்தை எவரும் கேட்டாரில்லை. 1846இல் அமெரிக்கப் படைகள் புகுந்தன. 1848ஆம் ஆண்டு உடன்படிக்கையினால் நாடே கைமாறியது. பின்னர் மானியம் போபியனின் மருமகனாகிய லூசியன் மக்ஸ்வெல் வசமாயிற்று. அவர் காலத்திலே மெக்சிக்கக் குடியானவர் பலர் வாய்ச்சொல் உடன்பாட்டில் பயிர் செய்தும் ஆடுமாடு வளர்த்தும், பலனில் ஒரு பங்கை அவருக்கு அளித்தும் வாழ்ந்தனர். அது நிலப்பிரபுத்துவமே என்பதில் ஐயமில்லை. ஆயினும், உழைத்தவனுக்கு அங்கே ஒதுங்கியிருக்க ஓரிடமேனும் இருந்தது.

1870இல் மக்ஸ்வெல் நிலத்தை விற்றார். வாங்கியது ஆங்கிலேய முதலீட்டாளரின் கம்பனி. கம்பனியின் கடன் பத்திரங்கள் ஒல்லாந்தில் விலைப்பட்டன. நாளடைவில் உரிமையும் ஒல்லாந்தர் கைக்குச் சென்றது. நியூ மெக்சிக்கோவின் மலைச்சாரலை ஒரு நாளேனும் கண்டிராதவர்கள் அதன் எசமானர்களாயினர். நிலத்தின் பரப்பும் வியக்கத்தக்க வகையில் வளர்ந்தது. மெக்சிக்கச் சட்டப்படி ஒருவருக்குப் பதினொரு சதுர லீக்குக்கு மேல் மானியம் வழங்குதல் ஆகாது. இருவருக்குமாக அது ஏறத்தாழ 97,000 ஏக்கர். ஆனால், 1879இல் அமெரிக்க அரசு வழங்கிய உறுதியிற் கண்ட பரப்பு 17 இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்டது! 1887இல் உயர் நீதிமன்றமும் அவ்வுறுதியையே சரியென்றது.

காகிதத்திலே வளர்ந்த நிலத்தின் உள்ளே மனிதர் இருந்தனர். அவர்களை அகற்ற முற்பட்டபோது எதிர்ப்பு மூண்டது. குடியேறியோர் சார்பிற் குரல் கொடுத்த டோல்பி என்ற மதகுரு 1875இல் கொலையுண்டார். அதனைத் தொடர்ந்த கொந்தளிப்பே கோல்பக்ஸ் மாவட்டப் போர் என வரலாற்றில் அழைக்கப்படுகின்றது. அப்பாச்சியரோ மேற்கே தொலைவிலுள்ள ஒதுக்கிடத்துக்கு அனுப்பப்பட்டனர்.

கம்பனிக்கு நிலம் என்பது இலாபம் ஈட்டும் பண்டம். மேய்ச்சல், மரம், நிலக்கரி, நீர் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை வைக்கப்பட்டது. மானிய எல்லைக்குள் எழுந்த டோசன் நிலக்கரிச் சுரங்கத்தில், 1913ஆம் ஆண்டு நிகழ்ந்த வெடிப்பில் 263 தொழிலாளர் மாண்டனர். அவருட் பலர் இத்தாலியிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் பிழைப்பு நாடி வந்தோர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்க் மான் அம்மாநிலத்திலிருந்தே அற்றுப்போயிற்று. மண்ணையும் மனிதனையும் சுரண்டியது ஒரே கணக்கேடு என்பதை நாம் மறத்தலாகாது.

பின்னர் நிலம் துண்டு துண்டாக விற்கப்பட்டது. அவற்றுள் மூன்று துண்டுகளின் கதி நம் வினாவுக்கு விளக்கம் தருவதாகும்.

முதலாவது துண்டை எண்ணெய் வணிகரான வெயிற் பிலிப்ஸ் வாங்கினார். 1938இலும் 1941இலுமாக ஏறத்தாழ 1,27,000 ஏக்கரை அவர் சாரணர் இயக்கத்துக்கு நன்கொடையாக அளித்தார். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான இளைஞர் அங்கே மலையேறுகின்றனர்.

இரண்டாவது வெர்மேஹோ பண்ணை. சிக்காகோவின் தானிய வணிகர் பார்ட்லெட் முதலில் அதனை வாங்கி, எல்க் மான்களை வெளியிலிருந்து வருவித்தார். அவருக்குப் பின் அது ஹொலிவூட் நட்சத்திரங்கள் கூடும் கழகமாயிற்று. பொருளாதார மந்தத்திலே கழகம் நலிந்தது. 1973இல் பென்சொயில் எண்ணெய்க் கம்பனியும், 1996இல் தொலைக்காட்சி அதிபர் டெட் டேர்னரும் அதனை வாங்கினர். டேர்னரின் நிர்வாகத்தில் ஐந்தரை இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட அந்நிலத்தில் காட்டெருதுகள் பெருகின. அருகிவந்த ட்ரவுட் மீனினத்துக்காக ஓடைகள் சீர்செய்யப்பட்டன. இந்நன்மைகளை மறுப்பது நேர்மையாகாது. எனினும், அங்கு நுழையும் வாய்ப்பு பெரிதும் கட்டணம் செலுத்தும் விருந்தினருக்கே கிட்டியது. இன்னொன்றும் உண்டு. அமெரிக்கச் சட்டத்தில் மேற்பரப்பின் உரிமை வேறு, நிலத்தடிக் கனிமத்தின் உரிமை வேறு. கனிம உரிமை பிறரிடம் இருந்தமையால், அதே பண்ணையில் நூற்றுக்கணக்கான எரிவாயுக் கிணறுகள் தோண்டப்பட்டன. டேர்னர் நிபந்தனைகள் விதித்துச் சேதத்தைக் குறைத்தார். தடுத்து நிறுத்தும் அதிகாரம் கோடீசுவரருக்கும் இருக்கவில்லை.

மூன்றாவது துண்டு வல்லே விடால். 1982இல் பென்சொயில் கம்பனி, வரிச் சலுகையைக் கருதி, ஏறத்தாழ ஒரு இலட்சம் ஏக்கரை அரசின் வனச் சேவைக்குக் கொடுத்தது. நிலம் பொதுமக்கள் சொத்தாயிற்று. 2002இல் எல் பாசோ என்ற கம்பனி அங்கும் எரிவாயு எடுக்க அனுமதி கேட்டது. அரசின் சொத்தென்பதால் மட்டும் நிலம் காக்கப்பட்டுவிடாது என்பதற்கு இதுவே சான்று. ஆனால், இங்கே மக்களுக்குக் கேட்க ஓர் உரிமை இருந்தது. வேட்டைக்காரர், மீன்பிடிப்போர், மாடு வளர்ப்போர், அயலூரார் ஆகியோர், அரசியல் வேறுபாடுகளைக் கடந்து ஒன்று திரண்டனர். 2006ஆம் ஆண்டு டிசெம்பரில், வல்லே விடாலில் கனிமம் எடுத்தலை விலக்கும் சட்டம் நிறைவேறியது. மக்கள் அங்கே நடக்கின்றனர். அயலிலுள்ள மாடு வளர்ப்போர் சங்கமாகச் சேர்ந்து, அனுமதி பெற்று, முறைவைத்து மேய்க்கின்றனர்.

தனியார் நிலத்தையும் நிலையாகக் காக்கலாம் என்போர், பாதுகாப்புப் பிணைப்புப் பத்திரங்களைச் சுட்டுவர். நிலத்தைத் துண்டாடி வீடு கட்டும் உரிமையை நிரந்தரமாகத் துறந்து எழுதும் பத்திரம் இது. அடுத்து வாங்குவோரையும் கட்டுப்படுத்தும். இது பயனுடையதே. ஆயினும், அதற்கீடாகக் கிடைக்கும் வரிச் சலுகையின் சுமையைப் பொதுமக்களே தாங்குகின்றனர். பண்ணையின் வாயிலோ பெரும்பாலும் அவர்களுக்குத் திறப்பதில்லை.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? உரிமையாளரின் நல்லெண்ணம் நிலத்துக்கு நன்மை செய்யலாம்; ஆனால், உரிமை கைமாறும் நாளில் அந்நல்லெண்ணமும் கைமாறும் என்பதற்கு உத்தரவாதமில்லை. வெர்மேஹோவில் ஒருவர் தாமாக விரும்பிச் செய்ததை, வல்லே விடாலில் மக்கள் கோரிப் பெற்றனர்; அதனை மாற்ற விரும்புவோர் மீண்டும் மக்களின் முன்னிலையிலேயே வாதாட வேண்டும். நிலத்தின் உறுதியான காவல் அங்கேதான் இருக்கின்றது. ஆயினும், கணக்கு இன்னும் தீர்ந்துவிடவில்லை. சாரணருக்கும் செல்வருக்கும் அரசுக்கும் பங்கிடப்பட்ட இம்மூன்று துண்டுகளில் எதுவும், 1841இல் எவரும் கேளாது விட்ட அப்பாச்சியரிடம் திரும்பவில்லை. காட்டெருதும் எல்க் மானும் மீண்டு வந்த மலைகளில், அவர்கள் மட்டும் இன்னும் விருந்தினரே.