உப்பு போன வழியும் அயடீன் போகாத கதையும்

எமது சமூகத்தின் வரலாற்றை எழுதுவோர் புத்தளத்து உப்பைத் தொடாமல் விடுவதில்லை. 1344இல் இப்னு பதூதா கண்ட பத்தாளா, கண்டி மன்னரின் துறை, ஒல்லாந்தர் கைக்குப் போன கரை, ஆங்கிலேயரின் உப்பு ஏகபோகம் என்று அந்தக் கதை நீளும். வண்ணாத்திவில்லில் இருந்துகொண்டு அதே கதையை நான் இன்னொரு பக்கத்தால் பார்க்கிறேன்: உப்பைத் தின்றவர்களின் கழுத்துப் பக்கத்தால்.

கண்டி இராச்சியத்துக்குள் உப்பும் கருவாடும் போனது தவளத்தில். பொதி மாடுகளை வரிசையாக ஓட்டிக்கொண்டு மலையேறி, திரும்பும்போது பாக்கு ஏற்றி வந்தவர்களில் எமது மூதாதையர் பெருந்தொகையினர். அந்த உப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1766ஆம் ஆண்டு ஒப்பந்தமே சாட்சி. கடற்கரை முழுவதையும் ஒல்லாந்தருக்கு விட்டுக்கொடுத்த கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன், சிலாபத்திலும் புத்தளத்திலும் தன் குடிகள் உப்பு எடுக்கும் உரிமையை எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டான்.

ஆனால் அந்தப் பொதிகளில் போகாத ஒன்று உண்டு. அது அயடீன்.

கடலில் விளைந்த உப்பில் அயடீன் இல்லாமலா இருக்கும் என்று கேட்கத் தோன்றும். கடல் நீரிலேயே அது மிகச் சொற்பம். ஒரு லீற்றரில் 1 மில்லிகிராமின் இருபதில் ஒரு பங்கு அளவுதான். பாத்தியில் வெயில் காய்ந்து உப்பு படிகமாகும்போது, அந்தச் சொற்பமும் பெரும்பாலும் படிகத்தோடு சேருவதில்லை. வடித்து விடும் கசப்பு நீரோடும் காற்றோடும் போய்விடுகிறது. மிஞ்சுவது 1 கிலோ உப்பில் 2 மில்லிகிராமுக்கும் குறைவு. ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராம் உப்புத் தின்றாலும் கிடைப்பது 10 மைக்ரோகிராம் கூட வராது. வளர்ந்தவருக்குத் தேவை 150. கர்ப்பிணித் தாய்க்கு 250.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம்? தொண்டைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் தைரொயிட் சுரப்பி, தைரொக்சின் என்ற ஓமோனைச் சுரக்கிறது. அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயடீன் அணுக்கள். அயடீன் இல்லாவிட்டால் ஓமோன் குறையும். மூளையடிச் சுரப்பி ‘இன்னும் வேலை செய்’ என்று தைரொயிட்டைத் தூண்டிக்கொண்டே இருக்கும், அது வீங்கும். அதுதான் கண்டக்கழலை. ஆயிரம் வருடங்களுக்கு முன் அந்தலூஸில் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி தமது ‘அத்தஸ்ரீப்’ நூலில் இந்தத் தொண்டை வீக்கத்தை எழுதி, பெண்களிடம் அது அதிகம் என்றும் குறித்தார். வீக்கம் கண்ணுக்குத் தெரியும். தெரியாத கேடு அதைவிடப் பெரியது. தாயிடம் அயடீன் போதாவிட்டால் கருவிலிருக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சி குன்றும்.

1986 அளவில் இலங்கையின் 17 மாவட்டங்களில் பாடசாலைப் பிள்ளைகளைச் சோதித்தபோது நூற்றுக்கு 18 பேருக்கு மேல் கழலை இருந்தது. மிக மோசமான இடம் மலையுச்சி அல்ல, களுத்துறை. அங்கே நூற்றுக்கு 30 பேர். களுத்துறையும் கடலோரம்தானே! ஈரவலயத்தின் கன மழை மண்ணிலிருந்த அயடீனைக் கழுவிக்கொண்டு போனது முக்கிய காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆக, கடலுக்குப் பக்கத்தில் இருப்பது காவல் அல்ல.

1995 முதல் நாம் உண்ணும் உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டமானது. 2000இல் எடுத்த கணக்கிலும் கழலை நூற்றுக்கு 20 அளவில் நின்றது. பழைய வீக்கம் உடனே வடிவதில்லை. 2010இல் அது 4 அளவுக்கு இறங்கியது. மன்னர்களும் கம்பனிகளும் சண்டை போட்ட அதே உப்பு, மிகச் சிறிய ஒரு கலப்பால் இந்த நாட்டுப் பிள்ளைகளின் புத்திக்குக் காவலானது. எமது கரையின் உப்பு வரலாற்றில் இதற்கும் ஓர் அத்தியாயம் வேண்டும்.

அயடீன் உப்பு எல்லாத் தைரொயிட் நோய்க்கும் மருந்தல்ல. உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கி ஓமோன் குறைந்தவர்களுக்கு, ஓமோனையே மாத்திரையாகக் கொடுக்க வேண்டும். 1891இல் ஜோர்ஜ் மறே என்ற ஆங்கிலேய மருத்துவர் செம்மறியாட்டின் சுரப்பிச் சாற்றை ஒரு பெண்ணுக்கு ஊசியாக ஏற்றினார். அவர் அதற்குப் பிறகு 28 வருடங்கள் வாழ்ந்தார். பின்னர் பன்றியின் சுரப்பியும் மருந்தாகப் பயன்பட்டது. அந்தப் பழைய செய்தியைக் கேட்டு “இந்தக் குளிசை ஹலாலா?” என்று தயங்குவோர் இன்றும் இருக்கிறார்கள். 1927இலேயே தைரொக்சினைச் செயற்கையாகத் தயாரித்துவிட்டார்கள். இன்று வழக்கமாகக் கொடுக்கப்படும் லெவோதைரொக்சின் அப்படிச் செய்யப்படுவதே. வெறும் வயிற்றில் எடுக்க வேண்டியது என்பதால் நோன்பில் அதை விட்டுவிடவும் தேவையில்லை. ஸஹர் உணவுக்கு அரை மணி முன்னரோ, இஃப்தாருக்குப் பின் வயிறு காலியானதும் படுக்கப் போகும்போதோ எடுக்கலாம்; எது பொருந்தும் என்பதை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

எங்கட பக்கத்தில் இன்னும் ஒரு பேச்சு உண்டு: “கடல் தந்த சுத்தமான உப்பு இருக்கக்குள்ள கடை உப்பு என்னத்துக்கு?” உப்பளத்திலிருந்து நேரே வீட்டுக்கு வரும் கல்லுப்பு சுத்தமானதாகவே இருக்கலாம். ஆனால் அதில் அயடீன் இல்லை. கழலை வந்த பெண்ணின் கழுத்தை முந்தானை மறைத்துவிடும். கலியாணப் பேச்சு முடியும்வரை வீட்டாரும் மறைப்பார்கள். கருவிலுள்ள பிள்ளைக்கு ஏற்படும் குறையை மறைக்கவும் முடியாது, பிறகு திருத்தவும் முடியாது.

தவளம் ஓட்டியவர்களுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. எமக்குத் தெரியும். அடுப்படியில் இருக்கும் உப்பில் அயடீன் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதை மூடி வையுங்கள். ஈரத்திலும் வெயிலிலும் அயடீன் குறைந்துபோகும். உப்பை அள்ளிப் போடாமல் அளவோடு சேருங்கள். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் இவற்றை முதலில் செய்யுங்கள்.