வயல் பச்சை எங்கே போச்சு?

1858. தஞ்சைப் பெரிய கோயிலில் காமிராவோடு நிற்கிறார் ஒரு வெள்ளைக்காரர். பெயர் லினேயஸ் ட்ரைப். மதராஸ் ராஜதானியின் அரசாங்க போட்டோகிராபர். விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, 19 அடிக்கு மேல் நீளும் ஒரே படமாக ஒட்டிவைத்தார்.

அவரிடம் இருந்தது மெழுகு பூசிய காகித நெகட்டிவ். அதற்கு நீல வெளிச்சம்தான் நன்றாகத் தெரியும். பச்சையும் சிவப்பும் ஏறக்குறைய இருட்டு! வானம் வெளிறிப்போகும், மரங்கள் கருத்துப்போகும். மனுஷர் அசரவில்லை. நெகட்டிவ் மேலேயே சாயம் தீட்டி மேகங்களை வரவழைத்தார்.

கலர் நெகட்டிவ் வந்தபோது தொல்லை மூன்று மடங்கானது. நீலம், பச்சை, சிவப்பு... ஒவ்வொன்றுக்கும் தனி அடுக்கு. நாதஸ்வரம், தவில், ஒத்து மாதிரி. ஒன்று பிசகினாலும் கச்சேரி போச்சு.

1972-ல் கோடக் நிறுவனம் சி-41 முறையைக் கொண்டுவந்தது. டெவலப்பரின் சூடு 37.8 டிகிரி செல்சியஸ். நேரம் 3 நிமிடம் 15 விநாடி. கால் டிகிரி பிசகுவதுகூட அதிகம்! மார்கழிக் காலையில் வீட்டில் ஃபிலிம் கழுவினால், அந்த மூன்று நிமிடத்துக்குள்ளேயே டப்பா ஆறத் தொடங்கிவிடும். மூன்று அடுக்கும் ஒரே அளவில் பின்தங்காது. நடவு முடிந்த வயல், பச்சைக்குப் பதிலாக ஏதோ ஒரு சாயலில் வந்து நிற்கும்.

சரி, குற்றவாளியை எப்படிப் பிடிப்பது?

நெகட்டிவ் முழுக்க ஆரஞ்சாக இருக்கிறதா? பதற வேண்டாம். சாயங்களின் குறையை ஈடுகட்ட வேண்டுமென்றே வைத்தது அது. அடுத்து, ஃபிலிம் ஓரத்தில் இருக்கும் எண்களைப் பாருங்கள். ஃபாக்டரியிலேயே பதித்தவை. அவை ஒழுங்காக இருந்து படம் மட்டும் மாறியிருந்தால், தப்பு வெளிச்சத்தில். கல்யாண மண்டபத்து டியூப்லைட்டில் மணப்பெண் முகம் பச்சையாக விழுந்தது இப்படித்தான். ஓரமும் மாறியிருந்தால், கழுவியதில் கோளாறு. அல்லது ஃபிலிமே பழசு.

படம் மங்கலாக, அழுக்காகத் தெரிந்தால் உள்ளே வெள்ளி மிச்சமிருக்கலாம். மறுபடி ப்ளீச், ஃபிக்ஸர் செய்தால் போய்விடும். படம் முழுக்க ஒரே சாயலா? பிரின்ட் போடும்போதோ ஸ்கேன் செய்யும்போதோ சரிசெய்யலாம். நிழலில் ஒரு நிறம், வெயிலில் வேறு நிறம் என்றால்தான் சிக்கல். அடுக்குகளே தாறுமாறாக வளர்ந்துவிட்டன. ஒன்றைத் திருத்தினால் மற்றது கெடும்.

டெல்டா வீடுகளின் பழைய ஆல்பங்களில் நெகட்டிவ்கள் இன்னும் தூங்குகின்றன. பிரின்ட் வெளுத்துவிட்டதே என்று அவற்றையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நெகட்டிவில் நிறம் மிச்சமிருந்தால் மீட்டுவிடலாம். இல்லாவிட்டால் ட்ரைப் மாதிரி தீட்ட வேண்டியதுதான். பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால், அது தாத்தா உழுத வயலின் பச்சை அல்ல!